ஷென்மூ நாலாவது பாகம் வரணுமா?

வழக்கமா சுகர், பிரஷர், தைராய்டுன்னு எழுதுற ஆளு நான். இன்னிக்கு ஒரு வீடியோ கேம் பத்தி எழுதப் போறேன். இழை கொஞ்சம் நீளம். கேம் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம், புரியும். கேம் விளையாடுறவங்க பாதியிலேயே சண்டைக்கு வராம கடைசி வரைக்கும் படிச்சிட்டு வாங்க.

கேமோட பேரு ஷென்மூ. 1999 டிசம்பர் கடைசியில ஜப்பானோட செகா கம்பெனி, டிரீம்காஸ்ட்ங்கிற தன்னோட பெட்டிக்காக வெளியிட்டது. உருவாக்கினவர் யூ சுசுகி. அதுக்கு முன்னாடி அவர் செஞ்சதெல்லாம் ஹாங்-ஆன், அவுட் ரன், விர்ச்சுவா ஃபைட்டர் மாதிரி காசு போட்டு ஆடுற ஆர்கேட் கேம்கள். மூணு நிமிஷத்துல பைக் ஓட்டி, கார் ஓட்டி, அடிச்சு முடிச்சிடணும். அவ்வளவு வேகமான கேம்களைச் செஞ்ச மனுஷன்தான், உலகத்துலயே பொறுமையைச் சோதிக்கிற கேம்னு பேர் வாங்கினதையும் செஞ்சார்.

கதை இதுதான். 1986 நவம்பர் 29. யோகோசுகா ஊர்ல பனி கொட்டுது. 18 வயசு ரியோ வீட்டுக்கு வர்றான். லான் டின்னு ஒரு சீனாக்காரன், வீட்டோட இருக்கிற பயிற்சிக் கூடத்துல ரியோவோட அப்பாவை அவன் கண்ணு முன்னாடியே அடிச்சுக் கொன்னுட்டு, ஒரு கண்ணாடியை எடுத்துட்டுப் போயிடுறான்.

நம்ம ஊர் படமா இருந்தா அடுத்த சீன்ல ஹீரோ ஜீப்புல கிளம்பியிருப்பான். ரியோ என்ன பண்றான் தெரியுமா? வீட்டுல இருக்கிற டிராயரை ஒவ்வொண்ணாத் திறந்து பாக்குறான்.

கிண்டல் இல்லைங்க, நிஜம். வீட்டைப் பாத்துக்கிற இனே-சான்ங்கிற அம்மா தினமும் 500 யென் கைச்செலவுக்கு வச்சுட்டுப் போறாங்க. அதை எடுத்துட்டு ரியோ தெருவுக்குப் போறான். "அன்னிக்கு ஒரு கறுப்புக் காரைப் பாத்தீங்களா?"ன்னு கடை கடையா ஏறி இறங்குறான். கடை திறக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு முன்னாடி போனா மூடித்தான் இருக்கும். பஸ் வர்ற நேரத்துக்குத்தான் வரும். ஒருத்தர் சாயங்காலம் வரச் சொன்னா சாயங்காலம் வரைக்கும் நீங்க காத்திருக்கணும், நேரத்தைத் தள்ளிவிட அந்த முதல் கேம்ல பட்டனே கிடையாது. லான் டி வந்த கார் அடிச்சு தாயை இழந்த ஒரு பூனைக்குட்டி கோயில் பக்கத்துல இருக்கும், வேணும்னா அதுக்குச் சாப்பாடு வைக்கலாம். அப்பறம் துறைமுகத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற வேலை. பழிவாங்கக் கிளம்பின ஹீரோ காலையில வேலைக்குப் போய், பெட்டி அடுக்கி, மதியம் சாப்பிட்டு, மறுபடி பெட்டி அடுக்கி, சாயங்காலம் சம்பளம் வாங்குறான். ஒரு நாள் இல்ல, பல நாள்.

இந்த இடத்துலதான் உலகம் ரெண்டாப் பிரியும். "இதுக்கா காசு கொடுத்தேன்"னு எழுந்து போறவங்க ஒரு பக்கம். "இன்னிக்கு எத்தனை பெட்டி"ன்னு உக்காந்துடுறவங்க இன்னொரு பக்கம். நடுவுல ஆளே கிடையாது.

சுமார் 4.7 கோடி டாலர் செலவாச்சுன்னு சுசுகியே பின்னாடி சொல்லியிருக்கார். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கிற தொகை. பத்து லட்சத்துக்கு மேல வித்தும் போட்ட காசு வரல. 2001ல ரெண்டாம் பாகம் வந்துச்சு. அதே வருஷம் செகா பெட்டி செய்யுற தொழிலையே விட்டுடுச்சு. ரெண்டாம் பாகம் சீனாவுல குய்லின் பக்கத்துல ஒரு குகைக்குள்ள, பிரம்மாண்டமான கண்ணாடிச் சிற்பங்களுக்கு முன்னாடி ரியோ அண்ணாந்து நிக்கிறப்போ முடியுது. அப்படியே விட்டுட்டாங்க. 18 வருஷம்.

என் தம்பி அந்தக் குகைக்கு வெளிய காத்திருந்தவன். காலேஜ் படிக்கிறப்போ ரெண்டு பாகத்தையும் கம்ப்யூட்டர்ல எப்படியோ ஓட வச்சு முடிச்சான் (எப்படின்னு என்கிட்ட கேக்காதீங்க). பல வருஷம் ரசிகர்கள் மாசாமாசம் 3ஆம் தேதி ட்விட்டர்ல கூடி மூணாவது பாகம் எங்கேன்னு செகாவை நச்சரிப்பாங்க. அதுல அவனும் ஒருத்தன்.

2015 ஜூன்ல அமெரிக்காவுல சோனி மேடையில சுசுகி ஏறினார். நமக்கு விடியக்காலை. ஹாஸ்டல்ல நைட் டூட்டி முடிச்சுத் தூங்கப் போன எனக்குப் போன். "அக்கா! வருதுக்கா!" கல்யாணமோ, வேலையோன்னு நினைச்சேன். கிக்ஸ்டார்ட்டர்ல பொதுமக்கள்கிட்ட 20 லட்சம் டாலர் கேட்டாங்க, ஒரு நாள் முடியறதுக்குள்ள வந்துடுச்சு. கடைசியில 69,000 பேருக்கு மேல சேர்ந்து 63 லட்சம் டாலர். அதுல 29 டாலர் என் தம்பியோடது. அப்போ அவனுக்குச் சம்பளம் வர ஆரம்பிச்சு நாலு மாசம்.

2019 நவம்பர்ல மூணாவது பாகம் வந்துச்சு. இனி வர்ற பத்தியில கதை தெரிஞ்சிடும், வேணாம்னா தாண்டிடுங்க.

பைலூன்னு ஒரு கிராமம், அப்பறம் நியாவூன்னு ஒரு துறைமுக ஊர். மறுபடி வீடு வீடா விசாரிக்கணும், விறகு வெட்டணும், மூலிகை பறிக்கணும். புதுசா ஒண்ணு சேத்திருந்தார். ரியோ ஓடினா அவன் உடம்புச் சக்தி குறையும், சாப்பிடாம இருந்தா சண்டையில நிக்க முடியாது. அதனால ரசிகர்கள் மலிவா பூண்டு வாங்கிப் பையில நிரப்பிக்கிட்டு அலைஞ்சாங்க. சண்டைக்கலை படிச்ச 18 வயசுப் பையன் நாலு தெரு ஓடினதும் சோர்ந்து போறான்னா, என் ஓபிக்கு வந்தா முதல்ல ஹீமோகுளோபின் பாக்க எழுதிக் கொடுப்பேன். அவ்வளவு கடுப்பு எல்லாருக்கும். ஆனா பெரிய கோபம் அது இல்ல. கடைசியில லான் டி வர்றான். ரியோ சண்டை போடுறான், தோக்குறான். லான் டி போயிடுறான். ரியோ அடுத்த ஊருக்கு நடக்கிறான். தொடரும்.

முழுக் கதையில 40 சதவீதம்தான் இது வரைக்கும் வந்திருக்குன்னு சுசுகி முன்னாடியே சொல்லியிருந்தார். இருந்தாலும் 18 வருஷம் காத்திருந்து, கைக்காசு போட்டு, திரையில "தொடரும்" பாத்தவனோட நெஞ்செரிச்சலுக்கு எங்ககிட்ட மாத்திரை இல்ல. 2022ல அனிமே தொடர் ஒண்ணு வந்துச்சு, 13 பாகத்தோட அதுவும் நின்னுடுச்சு.

எனக்கு எப்படி இந்தப் பைத்தியம் பிடிச்சுதுன்னு சொல்றேன். 2020 ஜூலை. கோவிட் வார்டுல ஏழு நாள் டூட்டி, அப்பறம் ஒரு லாட்ஜ் ரூம்ல ஏழு நாள் தனிமை. டிவி போட்டா எண்ணிக்கை, போனை எடுத்தா எண்ணிக்கை. முதல் ரெண்டு பாகத்தையும் 2018ல புதுசா வெளியிட்டிருந்தாங்க. தம்பி தன் கணக்கோட கடவுச்சொல்லை அனுப்பி, "லேப்டாப்ல போட்டு நடந்து பாருக்கா, சண்டையெல்லாம் போட வேண்டாம்"னான்.

நடந்தேன். டொபுயிட்டாங்கிற அந்தத் தெரு நிஜமாவே யோகோசுகாவுல இருக்கு. மாஸ்க் இல்லாத முகங்கள். பூக்கடைப் பொண்ணு பேரு சொல்லிக் கூப்பிடுறா. தானியங்கி இயந்திரத்துல காசு போட்டு ஒரு கோலா வாங்கிக் குடிச்சேன். சொன்னா சிரிப்பீங்க, அழுகை வந்துடுச்சு. வார்டுல ஒவ்வொரு நிமிஷமும் ஆக்ஸிஜன் அளவு பாத்துப் பாத்து நேரம்னாலே பயம்னு ஆகியிருந்த எனக்கு, பஸ்ஸுக்காகச் சும்மா நிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்குங்கிறதே மறந்து போயிருந்துச்சு. அதனால "மெதுவா போகுது"ன்னு யாராவது இந்த கேமைக் குறை சொன்னா எனக்குப் பொறுக்காது. அந்த மெதுவுதான் சரக்கே. அதை எடுத்துட்டா மிச்சம் ஒரு சுமாரான பழிவாங்கும் கதை.

இன்னொண்ணும் அப்போ கவனிச்சேன். அப்பாவைக் கொன்ன அதே கூடத்துலதான் ரியோ தினமும் பயிற்சி பண்றான். வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசுறதே இல்ல.

2022ல எங்க அப்பாவுக்கு மூளையில ரத்தக் கசிவு. பெரிய கசிவு. வென்டிலேட்டர்ல ஒன்பதாவது நாள். கழுத்துல துளை போட்டுக் குழாய் வைக்கலாமா, முடிவு சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஸ்கேனை நான் பாத்திருந்தேன். வேண்டாம்னேன். தம்பி ஐசியூ வராண்டாவுல என் கையைப் பிடிச்சு, "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்க்கா"ன்னான். நான் அவன்கிட்ட இங்கிலீஷ்ல நாலு மருத்துவ வார்த்தை சொன்னேன். நோயாளியோட அட்டெண்டர்கிட்ட பேசுற குரல்ல சொன்னேன். பதினோராவது நாள் அப்பா போயிட்டார்.

அதுக்கப்பறம் தம்பி என்னோட சண்டை போடல. பேசவும் இல்ல. திதிக்கு வருவான், சாப்பிடுவான், போவான். ரெண்டு வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓடுச்சு.

2025 ஏப்ரல்ல ஒரு ராத்திரி அவன்கிட்ட இருந்து மெசேஜ். பிரிட்டன்ல சினிமா விருது கொடுக்கிற பாஃப்டா அமைப்பு, எல்லாக் காலத்துலயும் அதிகத் தாக்கம் ஏற்படுத்தின கேம் எதுன்னு பொதுமக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தியிருக்கு. முதலிடம் ஷென்மூ. டூம், சூப்பர் மாரியோ எல்லாம் அதுக்கு அப்பறம்தான். கூடவே ஒரே வரி: "பாத்தியாக்கா?"

உடனே போன் போட்டேன். கால் மணி நேரம் நல்லா போச்சு. அப்பறம் நான், "அப்ப நாலாவது பாகம் வந்துடும்ல?"னு கேட்டேன். அங்க ஆரம்பிச்சுது.

வேண்டாம்ங்கிறான். பைசா போட்டவன், 18 வருஷம் நின்னவன், அவன் சொல்றான் வேண்டாம்னு. கையில காசும் கொடுத்து, வாய்ப்பும் கொடுத்தோம், அவர் மறுபடி விறகு வெட்ட வச்சார், முடிக்கணும்னு அவருக்கே எண்ணம் இல்ல, இன்னொரு பாகம் வந்தா 60 சதவீதத்துல நிப்பாட்டுவார், சுசுகி 1958ல பொறந்தவர், கணக்குப் போட்டுப் பாரு, எங்கயாவது நிறுத்தத் தெரியணும்னான். ஒவ்வொண்ணும் நியாயமான வாதம். உரிமை செகாகிட்ட இருக்கு, மூணாவது பெருசா விக்கல, எவன் காசு போடுவான்னும் கேட்டான். அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

நான் சொன்னேன், "இருந்தாலும் ஒரு தடவை முயற்சி பண்ணலாமே டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் சொன்னான். "அப்பாவுக்கு ஒரு வாரம் தர மாட்டேன்னவ, ரியோவுக்குப் பத்து வருஷம் தர்றியாக்கா?"

என்ன பதில் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க? அப்பாவுக்குச் செஞ்சதுக்கும் ஒரு கேமுக்கும் என்ன சம்பந்தம்னு கோபப்பட்டிருக்கலாம். படல. அந்த ஸ்கேன்ல என்ன இருந்துச்சுன்னு தமிழ்ல சொன்னேன். ரத்தம் எவ்வளவு தேங்கியிருந்துச்சு, மூளைத்தண்டு எப்படி நசுங்கியிருந்துச்சு, குழாய் வச்சிருந்தா அடுத்து என்னென்ன நடந்திருக்கும், அப்பா கண்ணைத் திறந்து நம்மளைத் தெரிஞ்சுக்க வழியே இல்லன்னு எனக்கு எந்த நாள் உறுதியாத் தெரிஞ்சுது. அது மூணாவது நாள். அவன்கிட்ட அதை நான் சொல்லவே இல்ல. ஒன்பதாவது நாள் வரைக்கும் அவன் நம்பிக்கிட்டு இருந்ததை நான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"மூணாவது நாளே சொல்லியிருக்கலாம்லக்கா"ன்னான். ஆமான்னேன்.

இந்தப் பேச்சுக்கு அப்பறம்தான் நாலாவது பாகம் பத்தி எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு. வரணும். மெதுவாவே வரணும், பூண்டைத் தின்னுக்கிட்டே நடக்கிறேன். ஆனா காசு தேறாதுன்னா, உடம்பு ஒத்துழைக்காதுன்னா, சுசுகி உக்காந்து முடிவை எழுதிடணும். நாவலோ, காமிக்ஸோ, வெறும் இருபது பக்கமோ, அது அவர் இஷ்டம். "கேமாத்தான் சொல்லணும், துண்டு துண்டாச் சொன்னா கதை கெட்டுடும்"னு வாதாடுற ரசிகர்கள் இருக்காங்க. அவங்களுக்கு வயசு இன்னும் இருக்குபோல. லான் டி ஏன் அப்பாவைக் கொன்னான்னு முழுசாத் தெரியாம, ஒரு 18 வயசுப் பையன் 1999ல இருந்து நடந்துக்கிட்டே இருக்கான். கூட நடந்தவங்களுக்கு நரை வந்தாச்சு.

தம்பி இன்னும் ஒத்துக்கல. எழுதினா படிப்பானாம், கேம் வந்தா வாங்க மாட்டானாம். பாப்போம், வந்த அன்னிக்கு யார் முதல்ல போன் பண்றாங்கன்னு.

இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி அவன் பெங்களூர்ல, நான் இங்க, திரையைப் பகிர்ந்துக்கிட்டு முதல் பாகத்தை முதல்ல இருந்து ஆடுறோம். துறைமுகத்துக்கு வந்துட்டோம். காலையில வேலைக்கு முன்னாடி ஃபோர்க்லிஃப்ட் பந்தயம் ஒண்ணு வைப்பாங்க. போன வாரம் நான்தான் ஓட்டினேன், கடைசி இடம். "உன்னை நம்பி எப்படித்தான் ஆஸ்பத்திரியை விட்டிருக்காங்களோ"ன்னான். இந்த வாரம் அவன் முறை.