கூச்சக்காரரின் பியானோ

ஒரு பெரிய மனிதரின் வீட்டு வாசல் வரை போய், காலிங் பெல்லை அழுத்தக் கை வராமல் திரும்பி வந்ததுண்டா நீங்கள்? அப்படியானால் ஃபெடெரிகோ மொம்போவை உங்களுக்குப் பிடிக்கும்.

1893-ல் பார்சிலோனாவில் பிறந்தவர். 1909-ல் ஃபோரே என்ற பிரெஞ்சு இசைமேதை அங்கே வந்து வாசித்ததைக் கேட்டதும், தானும் இசையமைப்பாளர் ஆவது என்று முடிவு கட்டினார். 1911-ல் பாரிசுக்குக் கிளம்பியபோது பையில் ஒரு சிபாரிசுக் கடிதம். எழுதிக் கொடுத்தவர் ஸ்பெயினின் பெரிய தலை கிரனாடோஸ். கொடுக்க வேண்டியது அதே ஃபோரேயிடம். அப்போது அவர்தான் பாரிஸ் கன்சர்வேட்டரியின் டைரக்டர்.

கடிதம் போய்ச் சேரவே இல்லை. கூச்சம்! தனியாக வாத்தியார் வைத்துக்கொண்டு படித்தார். மேடையேறி வாசிக்கும் கனவும் இதே கூச்சத்தில் கரைந்தது. (கடிதம் எழுதிய கிரனாடோஸ், 1916-ல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கிய கப்பலில் பயணம் செய்து, மனைவியோடு கடலில் போய்விட்டார். அது தனிக் கதை.)

மொம்போவின் அம்மா வழித் தாத்தாவுக்கு மணி வார்க்கிற பட்டறை இருந்தது. சின்ன வயதில் அங்கே கேட்டது ஆயுசுக்கும் காதில் தங்கிவிட்டது. பெரிய வெண்கல மணி எதையாவது ஓங்கி அடித்துவிட்டுக் கவனியுங்கள். ஒரே ஸ்வரம் மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. ஒன்றுக்கொன்று சரியாக ஒட்டாத பல ஸ்வரங்கள் ஒன்றாகக் கிளம்பும். மேலே உள்ளவை சட்டென்று செத்துப்போக, அடியில் ஒரு ரீங்காரம் மட்டும் ரொம்ப நேரம் நிற்கும். மொம்போ அந்தச் சத்தத்தைப் பியானோவில் பிடித்தார். ஸ்வரங்களை அடுக்கி அழுத்திவிட்டு, அவை அடங்குகிறவரை காத்திருக்கிறார். பல இடங்களில் தாளக் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள்கூடப் போடவில்லை. எப்போது அடங்கும் என்று கோடு போட்டுச் சொல்ல முடியுமா என்ன?

'ஒரு சிம்பொனிகூட எழுதவில்லையே' என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். பெரும்பாலும் சின்னச் சின்ன உருப்படிகள். 'பாடல்களும் நடனங்களும்' வரிசையில் கட்டலான் நாட்டுப்பாடல்களை வைத்து அழகு பண்ணியிருக்கிறார். சிலது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இனிக்கிறது. ஆனால் 1959-லிருந்து 1967 வரை எழுதிய 'மூசிக்கா கயாதா' வேறு ஜாதி. மௌன இசை என்று அர்த்தம். பதினாறாம் நூற்றாண்டுத் துறவிக் கவிஞர் ஒருவரிடம் கடன் வாங்கிய பெயர். நான்கு தொகுப்பு, 28 உருப்படிகள். சிலவற்றில் அவ்வளவு குறைவான ஸ்வரங்கள், ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் விழுந்துவிடும்போல் இருக்கும். கடைசித் தொகுப்பை அலிசியா தெ லரோச்சா என்ற பியானோக்காரம்மாவுக்குச் சமர்ப்பித்தார். அந்த அம்மாள் படித்தது கிரனாடோஸின் சீடரிடம்!

மேடைக்குப் பயந்தவர், 1974-ல், எண்பது வயது தாண்டியபின், தன் பியானோ இசையைத் தானே உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தார். 1987-ல் காலமானார். அந்த ரெக்கார்டிங் கிடைத்தால், ராத்திரி வீடு அடங்கிய பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, 'மௌன இசை'யின் முதல் உருப்படியைக் கேளுங்கள். கடைசி ஸ்வரம் தேய்ந்து முடிகிறவரை அடுத்த டிராக்குக்குப் போகாதீர்கள்.