ஒரு பாட்டு, ஒரு நதி, இரண்டு நாடுகள்

பெயர் தெரியாவிட்டாலும் அந்த மெட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'சன்செட் பூலவார்ட்', 'சம் லைக் இட் ஹாட்' என்ற பழைய ஹாலிவுட் படங்கள் இரண்டிலும் அது வருகிறது. விளம்பரங்களில் யாராவது வாயில் ரோஜாவைக் கடித்துக்கொண்டு ஆடினால், பின்னணியில் ஒலிப்பது பெரும்பாலும் அதுதான். அழுத்தி அடியெடுத்து வைப்பதுபோல் தொடங்கும் அந்த டாங்கோவின் பெயர் 'லா கும்பர்சிதா'.

சிங்கப்பூரிலிருந்து விமானம் மாறி மாறி, முப்பது மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸுக்கு நானும் தம்பியும் போனது டாங்கோவுக்காக. சரியாகச் சொன்னால், அவனுக்காக. இரண்டு ஆண்டுகளாக டாங்கோ கற்றுக்கொள்கிறான். எனக்கு ஆட வராது. பழைய பாட்டு என்றால் மட்டும் காது நீளும்.

ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோ வட்டாரத்தில் தெஃபென்சா தெரு முழுவதும் சந்தை. பழைய வெள்ளிக் கரண்டி, சோடா புட்டி, இசைத்தட்டு எல்லாம் விற்கிறார்கள். ஒரு முனையில் பெரியவர் ஒருவர் மடியில் பந்தோனியோன் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நம் ஹார்மோனியத்துக்கு அது ஒரு வகையில் சொந்தம். இரண்டிலும் காற்று பட்டு உலோக நாக்குகள் அதிர்வதால்தான் ஒலி. இரண்டும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறந்து, போன ஊர்களில் வேறு குரல் பெற்றவை. ஜெர்மனியில் செய்த பந்தோனியோன் கப்பலேறி இங்கே வந்து, ஆரம்பகால டாங்கோ குழுக்களில் புல்லாங்குழல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வழக்கமான வகையில் 71 பொத்தான்கள். துருத்தியை விரித்தால் ஒரு சுரம், சுருக்கினால் அதே பொத்தானில் வேறொரு சுரம். கற்றுக்கொள்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தப் பெரியவர் வாசித்தது 'எல் சோக்லோ'. சோக்லோ என்றால் சோளக்கதிர். ஆங்கில வரிகளோடு 1952இல் 'கிஸ் ஆஃப் ஃபயர்' என்று அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது இதே மெட்டுதான். ஆங்ஹெல் வில்லோல்தோ இதை அமைத்தபோது டாங்கோவுக்கு நல்ல பெயர் கிடையாது. குடிசைப் பகுதி, மதுக்கடை, இன்னும் சொல்லக்கூடாத இடங்கள் என்று அதன் பிறப்பிடங்களை மரியாதைப்பட்டவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதனால் 1903இல் ஒரு கௌரவமான உணவகத்தில் முதன்முதலாக வாசித்தபோது டாங்கோ என்றே சொல்லவில்லை. 'உள்நாட்டு நடனம்' என்று அறிவித்து வாசித்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே ரசித்தார்கள். பெயரை மாற்றினால் போதும், காது ஏற்றுக்கொள்கிறது.

அதற்கும் முன்னால் 1897இல் 'எல் என்ட்ரேரியானோ' வந்துவிட்டது. 'என்ட்ரே ரியோஸ் மாநிலத்துக்காரர்' என்று பொருள். அதை இயற்றிய ரொசென்தோ மென்டிசாபல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பியானோ கலைஞர். டாங்கோவின் வேரில் கறுப்பின மக்களின் தாளம் இருப்பதைச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. அது நியாயமில்லை.

அன்றிரவு மிலோங்காவுக்குப் போனோம். டாங்கோ ஆடக் கூடும் இடத்துக்கு அதுதான் பெயர். நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு 'தாந்தா'. அது முடிந்ததும் சம்பந்தமில்லாத இசை கொஞ்சம் ஒலிக்கும். அதற்குத் திரை என்று பெயர். எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆட அழைப்பதற்கு யாரும் எழுந்து வருவதில்லை. தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து இலேசாகத் தலையசைக்கிறார்கள். எதிரே இருப்பவர் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டால் யாருக்கும் மானக்கேடு இல்லை. நல்ல ஏற்பாடு.

நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி இருக்கும். அந்த மெட்டு ஒலித்தது. தம்பி காதருகே வந்து, "அக்கா, இதுதான் கடைசிப் பாட்டு. இது போட்டா வீட்டுக்குக் கிளம்பணும்னு அர்த்தம்," என்றான். எந்த ஊர் மிலோங்காவிலும் இரவை முடித்து வைப்பது 'லா கும்பர்சிதா'தானாம். பக்கத்து மேசைப் பெரியவரிடம், "உங்கள் நாட்டுப் பாட்டு அருமை ஐயா," என்று தம்பி தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, கட்டைவிரலால் நதிப் பக்கம் காட்டினார்.

மறுநாள் அந்த நதியைக் கடந்தோம். ரியோ தெ லா பிளாத்தா பழுப்பு நிறம். அக்கரை கண்ணுக்குத் தெரியாது. கடல் என்றே சொல்லிவிடலாம். விரைவுக் கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போனால் உருகுவேயின் தலைநகரான மொண்டேவீடியோ. அங்கே சுதந்திரச் சதுக்கத்தின் மூலையில் பலாசியோ சால்வோ என்ற கட்டடம், 1928இல் திறக்கப்பட்டது, கோபுரமும் வளைவுகளுமாக நிற்கிறது. அழகா விகாரமா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. அது எழும்புவதற்கு முன்பு அதே இடத்தில் லா ஹிரால்தா என்ற காப்பிக்கடை இருந்தது.

ஹெரார்தோ மாத்தோஸ் ரொட்ரிகஸ் அப்போது கட்டடக்கலை மாணவர். 1897இல் பிறந்தவர், இருபது வயதுகூட ஆகவில்லை. மாணவர்களின் திருவிழா ஊர்வலக் குழுவுக்காக ஓர் அணிநடை மெட்டு போட்டிருந்தார். அத்தகைய குழுவுக்குக் கம்பர்சா என்று பெயர். நம் ஊரில் உறுமி மேளக் குழுவினர் ஒரே சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்களே, அந்த உற்சாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கம்பர்சா என்பதை இத்தாலியக் குடியேறிகளின் நாக்கு 'கும்பர்சிதா' ஆக்கியது.

லா ஹிரால்தாவில் அப்போது வாசித்துக்கொண்டிருந்தவர் புவெனஸ் ஐரிஸிலிருந்து வந்த ரொபெர்த்தோ ஃபிர்ப்போ. மாணவர் கூட்டம் ஒன்று வந்து, இதற்குள் ஒரு டாங்கோ இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மெட்டு போதவில்லை. தாம் முன்பு எழுதி எடுபடாமல் போன இரண்டு டாங்கோக்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டவைத்து, அன்றிரவே வாசித்தாராம். 1916இல் இசைத்தட்டும் வெளியிட்டார். ஆனால் இயற்றியவர் என்று அவர் பெயர் எங்கும் இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

மாத்தோஸ் உரிமையைச் சொற்பத் தொகைக்குப் பதிப்பகத்தாரிடம் விற்றுவிட்டார். பாட்டும் மெல்ல மறந்துபோனது. 1924இல் பஸ்குவால் கொந்துர்சியும் என்ரிகே மரோனியும் அந்த மெட்டுக்கு இயற்றியவரைக் கேட்காமலே வரிகள் எழுதி, தலைப்பையும் மாற்றினார்கள். கார்லோஸ் கார்தெல் பாடினார். ஊரெல்லாம் அதே பாட்டு. மாத்தோஸ் அப்போது பாரிஸில் இருந்தார். தன் மெட்டு வேறு பெயரில் கொடிகட்டிப் பறக்கிறது என்பதை அங்கு வந்த இசைக்குழுத் தலைவர் பிரான்சிஸ்கோ கனாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சொந்தப் பிள்ளையை அடுத்த வீட்டுப் பெயரில் கூப்பிடக் கேட்பதுபோல் இருந்திருக்கும். வழக்குகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டன. பழைய பெயரை மீட்டார். பணப் பங்கீட்டைக் கனாரோவே நடுவராக இருந்து தீர்த்து வைத்தது 1948இல். மாத்தோஸ் இறந்ததும் அதே ஆண்டுதான்.

சண்டை அத்துடன் ஓயவில்லை. உருகுவே 1998இல் சட்டம் இயற்றி இதைத் தன் பண்பாட்டு கீதம் என்று அறிவித்தது. இரண்டே ஆண்டில், சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் அர்ஜென்டினா அணி இந்த மெட்டுக்கு நடந்து வந்தது. உருகுவே அரசு முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. 2009இல் டாங்கோவை யுனெஸ்கோ மரபுடைமையாக ஏற்றபோது இரு நாடுகளும் சேர்ந்தே விண்ணப்பித்திருந்தன என்பது ஓர் ஆறுதல்.

பலாசியோ சால்வோவின் தரைத்தளத்தில் இப்போது சிறிய டாங்கோ அருங்காட்சியகம் இருக்கிறது. வழிகாட்டிய அம்மாள் எங்களுக்கு இரண்டு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார். முதலாவது ஃபிர்ப்போவுடையது. கரகரப்புக்கு நடுவே நிதானமாக, கிட்டத்தட்ட வெட்கத்தோடு நடக்கும் இசை. இரண்டாவது 1937இல் ஹுவான் தாரியென்சோ குழு வாசித்தது. அதே மெட்டுதான், ஆனால் சாட்டை கையில் இருப்பதுபோன்ற வேகம். மிலோங்காவில் நாங்கள் கேட்டது இந்த மாதிரியைத்தான். ஆரம்பகால டாங்கோக்கள் பலவும் இப்படித்தான் பிழைத்திருக்கின்றன: அடுத்த தலைமுறை பிரித்து மேய்ந்து, திரும்பத் தைத்துப் போட்டதால். தம்பிக்கு இரண்டாவதுதான் பிடித்தது. எனக்கு முதலாவது.

மாலைக் கப்பலில் புவெனஸ் ஐரிஸ் திரும்பி இறங்கியதும், நினைவுப் பொருள் கடை ஒன்றில் குறுந்தட்டு வாங்கினான். அட்டையில் பெரிய எழுத்தில் 'அர்ஜென்டினாவின் தலைசிறந்த டாங்கோக்கள்'. முதல் பாட்டு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, இதை உன் பையில வெச்சுக்கோ," என்றான் தம்பி. "உருகுவேக்காரங்க யாராச்சும் பார்த்துட்டா மறுபடியும் கேஸ் போட்டுடுவாங்க."