சிக்கு விழாத கயிறு

பாறை ஏறுறவங்களுக்கு ரெண்டு பயம். ஒண்ணு, கீழ விழுறது. இன்னொண்ணு, பையைத் திறந்தா கயிறு நூடுல்ஸ் மாதிரி கிடக்கிறது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன்.

பெங்களூருலேருந்து மைசூர் ரோட்டுல 50 கிலோமீட்டர் போனா ராமநகரம். 1975-ல வந்த 'ஷோலே' படம் எடுத்த அதே பாறைங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நண்பன் ஏறுறான், நான் கீழ நின்னு கயிறு விடுறேன். பாதி உயரத்துல "கயிறு விடுடா"ன்னு கத்தினான். விட்டா, என் காலடிக் குவியல்லேருந்து ஒரு சிக்கு கிளம்பி வந்து, கயிறைப் பிடிக்கிற கருவியில மாட்டிக்கிச்சு. மேல அவன் கால் வெடவெடன்னு ஆடுது. கீழ்க்கயிறை ஒரு கையால விடாம பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையாலயும் பல்லாலயும் பிரிச்சேன். ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அவன் இறங்கி வந்து ஒண்ணுமே பேசல. அதுதான் ரொம்ப வலிச்சது.

அந்தச் சிக்கு, முந்தின வாரம் சிவாஜிநகர் ரூமுல நானே போட்டது. களைப்புல கயிறை முழங்கையில வட்டம் வட்டமா சுத்தி, கட்டிலுக்கு அடியில தள்ளியிருந்தேன்.

அன்னிக்கு சாயங்காலம் மொட்டை மாடியில உட்கார்ந்து பிரிச்சிட்டு இருந்தப்ப வீட்டுக்காரப் பாட்டி வந்தாங்க. ரசல் மார்க்கெட்டுல பூ வாங்கிட்டு வந்து கட்டி விக்கிறவங்க.

"என்னா நைனா, இம்மாம் கயிறு? எந்தக் கிணத்துக்கு?"

கதையைச் சொன்னேன். "வட்டமா சுத்துனா முறுக்கு ஏறும்பா. சின்னப் புள்ளையில காத்தாடி நூலு சுத்துனதில்ல?" அப்படின்னு பூ கட்டுற நூலை எடுத்து, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல எட்டு மாதிரி சுத்திக் காட்டினாங்க.

விஷயம் அவ்வளவுதாங்க. ஒவ்வொரு வட்டத்துக்கும் கயிறுல ஒரு முறுக்கு ஏறும். 60 மீட்டர் கயிறை 40 வட்டமா சுத்தினா 40 முறுக்கு. எட்டா சுத்தினா ஒரு பக்கம் ஏறுற முறுக்கை மறுபக்கம் எடுத்துடும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல ரெண்டு பேர், நூலைப் பெட்டியில போட்டு உருட்டி உருட்டிப் பார்த்து 2007-ல கட்டுரையே எழுதினாங்க. சில நொடியிலேயே முடிச்சு விழுந்துச்சாம். நீள நூல்ல அதிகம். பெட்டி சின்னதா இருந்தா நூல் புரள இடமில்லாம முடிச்சும் குறைஞ்சதாம். 2008-ல இதுக்கு இக் நோபல் பரிசு. சிரிக்காதீங்க, நம்ம வேலைக்கு ஆகுற சமாச்சாரம் இது.

இப்ப நான் செய்யறது இதுதான். கயிறு நிரம்பினா இடம் மிச்சமில்லாத ஒடுக்கமான பை. ஒரு நுனியில முடிச்சுப் போட்டு, பையோட அடி வளையத்துல கட்டிடுவேன். அப்புறம் சுத்தவே மாட்டேன். கைக்கு வர வர உள்ள தள்ளிக்கிட்டே போவேன். அப்பவே விரலால தடவிப் பார்த்தா எங்க நைஞ்சிருக்குன்னும் தெரிஞ்சிடும். மேல் நுனியை மேல் வளையத்துல கட்டுவேன். அடுத்த தடவை மேல் நுனியிலேருந்து இழுத்தா அப்படியே வரும். அடி நுனி முடிச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆளை இறக்கும்போது கயிறு பத்தலைன்னா, நுனி கருவியை விட்டு நழுவாம அதுதான் நிறுத்தும். நுனி நழுவி உயிர் போன கதைகள் நிறைய உண்டு.

எங்க வைக்கிறதுங்கிறதும் முக்கியம். நைலான் கயிறுக்கு வெயில் ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் வைக்கவே கூடாது. ஆசிட் பட்டா வெளியில ஒண்ணும் தெரியாம உள்ள செத்துப் போயிருக்கும்.

அங்க பசங்களை க்ளைம்பிங் பழக்கக் கூட்டிட்டுப் போற அப்பா அம்மாக்களே, முடிச்சுப் போடக் கத்துக் கொடுக்கிறப்பவே எடுத்து வைக்கவும் கத்துக் கொடுங்க. இன்னிக்கு நாம சோம்பேறித்தனமா வைக்கிற கயிறுல, அடுத்த வாரம் தொங்கப் போறது இன்னொருத்தர்.

நண்பன் இப்பவும் என்கூடத்தான் ஏறுறான். ஆனா ஏறுறதுக்கு முன்னாடி பையை ஒரு தடவை எட்டிப் பார்த்துப்பான். பாட்டி வேற மாடியில பார்க்கிறப்பல்லாம் கேக்கறாங்க, "கிணத்துல தண்ணி ஊறிச்சா நைனா?"