தம்பி தூங்கும் வரை

குழந்தையின் மழலைச் சொல் குழலைவிடவும் யாழைவிடவும் இனியது என்றார் வள்ளுவர் பெருமான். அவர் ஒருநாள் மாலை ஆறரை மணிக்குப் பண்ருட்டியில் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தால், அந்தக் குறளை எழுதுமுன் சற்று யோசித்திருப்பார்!

எங்கள் தம்பிக்கு வயது ஒன்றே முக்கால். பகலெல்லாம் சமர்த்தாக இருப்பான். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் வேறு பிள்ளையாகிவிடுவான். பால் கேட்பான், கொடுத்தால் தட்டிவிடுவான். தூக்கச் சொல்வான், தூக்கினால் இறங்கத் துடிப்பான். அப்பாவுக்கு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பிற்பகல் ஷிப்டு வாரங்களில் அவர் வீடு வருவதற்குள் ஊர் அடங்கிவிடும். அம்மா கொல்லையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார். அதன் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். ஆதலால் கைகளில் சாம்பல் பூசி வேலை செய்யும் அம்மா, தேய்த்துக் கழுவும் வரை தம்பியைத் தொடமாட்டார். அதுவரை அவன், அக்காமார் இருவரான எங்கள் பொறுப்பு.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் அம்புலிப் பருவம் ஒன்று என்று வகுப்பில் படித்தோம். குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவை அழைக்கப் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளைக் கையாள்வார்களாம். நிலவையே அழைக்கும் வழிகள் தம்பியிடம் பலிக்காதா என்று நாங்களும் முயன்றோம். “ராசா, கண்ணு” என்று கொஞ்சினோம், அது சாமம். “பக்கத்து வீட்டுப் பாப்பா எவ்வளவு சமர்த்து, பார்” என்றோம், அது பேதம். வாழைப்பழம் கொடுத்தோம், கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தோம், அது தானம். கைப்பேசியைத் திரும்ப வாங்கியதும் அழுகை இருமடங்காயிற்று.

மிஞ்சியது தண்டம். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய மாலை, நாங்கள் வரைந்து வைத்திருந்த இந்திய வரைபடத்தைக் கிழித்துவிட்டான். எங்களில் ஒருத்தி அவன் முதுகில் அடித்தாள், மற்றவள் தடுக்கவில்லை. அவன் ஓடிப்போகவில்லை. அடித்த எங்கள் மடியிலேயே முகம் புதைத்து விம்மினான். சத்தம் கேட்டு வந்த அம்மா, சாம்பல் கைகளை விலக்கிப் பிடித்தபடி, அவனை வாங்கிக்கொள்ளவும் முடியாமல் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குத் தேர்வு மறந்துபோயிற்று.

ஆயாதான் சொன்னார்: “அவன் அடம் பண்ணலடி. தூக்கம் வந்துடுச்சு. அதச் சொல்லத் தெரியல.”

ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியிருப்பதைப் பின்னர் படித்தோம். எங்கள் தம்பியோ அப்பாவுக்காக இரவு பத்து வரை விழித்திருந்து, காலை ஆறுக்கு எழுவான். பகலில் ஒரு மணி நேரம் உறங்குவான். கூட்டிப் பார்த்தோம், ஒன்பது மணி நேரம்தான்!

மறுநாள் முதல் வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது. ஆறு மணிக்குக் குழைந்த ரசஞ்சோறு. பிறகு வெந்நீர்க் குளியல். கைப்பேசி அலமாரிக்குள். வாசலில் சிறிது நேரம் நிலா பார்த்தல். ஏழு மணிக்கு, கை கழுவி வந்த அம்மாவுடன் ஜெபமாலை. தினமும் அதே வரிசை. மூன்று நாள் வரை பயனில்லை. நான்காம் நாள், ஒரே ஜெபம் மணிக்கு மணி திரும்பி வந்தது அவனுக்குத் தாலாட்டாயிற்று போலும். மூன்றாம் பத்து முடியுமுன் அம்மா மடியில் உறங்கிவிட்டான். அப்பா இப்போது காலையில் அவனோடு விளையாடுகிறார்.

எல்லா நாளும் இப்படியே நடக்கிறது என்றால் அது பொய். சில மாலைகளில் இன்றும் அழுகிறான். அப்போது பாடநூலை மூடிவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மாறி மாறி வாசலில் நடக்கிறோம். எங்களையும் அம்மா இப்படித்தானே சுமந்து நடந்திருப்பார்!

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டுச் சின்னஞ்சிறுவன் அந்தியில் அழுதால், கை ஓங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்.