விழுவதற்கு ஓர் ஆயத்தம்

பயணம் புறப்படுமுன் நல்ல சகுனம் பார்ப்பது நம்மவர் வழக்கம். இடையூறின்றிப் போய்ச் சேரவேண்டும் என்பதே வழியனுப்புவோரின் வேண்டுதல். ஆனால், வழியில் விழத்தான் போகின்றோம் என்பதை முற்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கெனவே தன் வாகனத்தை ஆயத்தஞ் செய்யும் ஒரு மனிதனை 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே கண்டேன். அவன் வேறு யாருமல்லன். மெல்பேர்ண் நகரில் வாழும் என் தம்பியே.

என்னுடன் என் மகனும் வந்திருந்தான். உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகம் புகுவதற்குப் போதிய புள்ளிகள் அவனுக்குக் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்று நான் அவனைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல், எங்களிருவருக்குமிடையே சுவராக நின்றது. அச்சொல்லை இங்கே எழுத எனக்கு மனமில்லை. நவம்பரில் அவன் மீண்டும் பரீட்சை எழுதவேண்டும்; புத்தகத்தை விரிப்பான், பார்த்தபடியே இருப்பான். "இரண்டு பேரும் பத்து நாள் இங்கே வந்து நில்லுங்கோ" என்று தம்பி பயணச்சீட்டு அனுப்பிவிட்டான்.

அங்கே அப்போது குளிர்காலம். விக்ரோறியா மாநிலத்து மலைத்தடங்கள் பல அக்காலத்தில் மூடப்பட்டிருக்கும். அவை திறக்கும் நாளை எதிர்பார்த்துத் தம்பி தன் கராஜில் மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அது 998 சி.சி. ஹோண்டா, பெயர் 'ஆபிரிக்கா ட்வின்'. பெற்றோல் நிறைத்தால் ஏறத்தாழ 230 கிலோ எடை.

இவ்வினத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1978 டிசம்பரிற் பாரிசிற் புறப்பட்டு மறுமாதம் ஆபிரிக்காவின் டக்கார் நகரில் முடிந்த பாலைவனப் போட்டியே இவற்றுக்குப் புகழ் தேடித் தந்தது. 1980இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஜி/எஸ், மறு ஆண்டே அப்போட்டியில் வென்றது. 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு முறை ஹோண்டா வென்றது. அப்புகழைத் தாங்கியே 1988இல் முதலாவது 'ஆபிரிக்கா ட்வின்' பிறந்தது. தம்பியின் வண்டி, அப்பெயர் 2016இல் மீண்டும் எடுத்த பிறவி.

கடையில் வாங்கிய வண்டியை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோகலாமென்று நான் எண்ணியிருந்தேன். தம்பி சிரித்தான். "யானைக்கும் அடி சறுக்கும் எண்டு நீங்கள்தானே அண்ணை படிப்பிச்சனீங்கள்? இது யானை. சறுக்கினால் என்ன உடையும் எண்டு முதலிலே பார்க்கவேணும்."

அவ்வாறே பார்த்தான். என்ஜினின் இருமருங்கும் இரும்புக் குழாய்களால் வேலி அமைத்தான். அடியிற் கல் மோதாதபடி தடித்த அலுமினியத் தகடு பூட்டினான். கைப்பிடிகளுக்கு முன்னே உலோகச் சட்டங் கொண்ட காப்புகளை மாட்டினான். பின்பு அவன் செய்த காரியமே எனக்கு வியப்பளித்தது. பிரேக், கிளச் பிடிகளை இறுக்கியிருந்த ஆணிகளை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்தினான். காரணங் கேட்டேன். இறுக்கிய பிடி விழும்போது முறியும். தளர்ந்த பிடி சுழன்று கொடுக்கும், மீண்டும் திருப்பிக்கொள்ளலாம் என்றான். எதையும் இறுக்கியே பழகிய ஆசிரியனுக்கு அது புதுப் பாடம்.

பெட்டிகளிலும் அதே நியாயந்தான். அழகிய அலுமினியப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுத் துணிப் பைகளைக் கட்டினான். வண்டி சாயும்போது கால் பெட்டியின் கீழ் அகப்பட்டால் எலும்பு முறியுமாம். பாரமான பொருள்கள் தாழவும் நடுவிலும் இருக்கவேண்டும் என்றான். தான் ஏறி அமர்ந்தபோது பின்பக்கம் எவ்வளவு தாழ்கின்றது என்பதை என் மகனைக்கொண்டு அளப்பித்தான். வில்லின் முழு அசைவில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக வரும்வரை அதனைத் திருகித் திருத்தினான். சக்கரக் கம்பிகளை ஸ்பானராலே ஒவ்வொன்றாகத் தட்டச் செய்தான். இறுகிய கம்பி மணிபோல ஒலித்தது. தளர்ந்தது மந்தமாக முனகியது. மகன் காதைக் கொடுத்துக் கேட்டான். மாதக்கணக்கிற்குப் பின் அவன் ஒன்றைக் கவனித்துக் கேட்பதை அன்று கண்டேன்.

வீதி ரயர்களின் இடத்திலே ஆழமான கட்டைகளுடைய ரயர்கள் ஏறின. வீதியில் முப்பதுக்கு மேல் இருக்கும் காற்றழுத்தத்தைச் சரளையில் இருபத்தைந்தளவுக்கு இறக்கினால் ரயர் நிலத்தை அகலப் பற்றும். மிகையாக இறக்கினாலோ, கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையே ரியூப் நசுங்கிப் பாம்பின் பற்பதிவு போல அருகருகே இரு துளைகள் விழும். ஆதலால், பயணத்திற் கொண்டுபோகும் ஆயுதங்களை மட்டுமே வைத்து ரியூப் மாற்றிப் பழகவேண்டும் என்றான் தம்பி. அப்பணியை என் மகனிடமே ஒப்படைத்தான். முதன்முறை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம், விரல் நசுங்கியது. நான் வாய் திறக்கப்போனேன். தம்பி கண்ணாலே தடுத்தான்.

கடைசிப் பாடம் எழுப்புதல். தம்பி புற்றரையில் வண்டியை மெல்லச் சாய்த்தான். என்ஜினை நிறுத்து; கியரில் விடு; வலப்பக்கம் விழுந்திருந்தால், மறுபக்கம் சரியாதிருக்க முதலில் ஸ்ராண்டை விரித்து வை. ஹாண்டிலை முழுவதும் திருப்பி, இருக்கைக்கு முதுகு காட்டிக் குந்து. ஒரு கை ஹாண்டிலிலும் மறு கை சட்டத்திலும் இருக்கட்டும். முதுகை நிமிர்த்தி, கால்களின் பலத்தாலே சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நட. என் மகன் நான்காம் முயற்சியில் எழுப்பினான்.

புறப்படுவதற்கு இரு நாளின் முன் தூலாங்கிக் காட்டுக்குப் போனோம். தம்பி வண்டியில், நாங்கள் அவன் மனைவி ஓட்டிய காரில். வானளாவிய யூக்கலிப்ரஸ் மரங்களுக்கிடையே மழையில் நனைந்த களிமண் பாதை. ஓர் இறக்கத்திலே பின்சக்கரம் வழுக்கிற்று. யானை வலப்பக்கமாகச் சரிந்தது. தம்பி உருண்டு எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றான். நான் ஓடினேன்.

"அண்ணை, நீங்கள் தள்ளி நில்லுங்கோ. பெடியன் எழுப்பட்டும்."

மகன் முதலில் ஸ்ராண்டை விரித்தான், பின் குந்தினான். கால் ஒருமுறை வழுக்கிற்று. என் கைகள் தாமாக நீண்டன, அவற்றைக் கட்டிக்கொண்டேன். இரண்டாம் முறை வண்டி நிமிர்ந்தது. பிரேக் பிடி சுழன்றிருந்ததேயன்றி முறியவில்லை. அதைத் திருப்பிவிட்டான் மகன், என்ஜின் உயிர்பெற்றது.

இருபது ஆண்டாக விழாதிருக்கவே நான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கின்றேன். விழுந்தவன் எங்கே கை வைத்து எழவேண்டுமென்று ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்ததில்லை. என் மகன் விழுந்த அன்றோ, பிடியை மேலும் இறுக்கினேன்.

திரும்பும் வழியிற் பின்னாசனத்தில் இருவரும் அருகருகே இருந்தோம். "அண்டைக்கு நான் சொன்னது பிழை, தம்பி" என்றேன். அவன் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரியூப் மாத்த முதலிலே இரண்டு மணித்தியாலம் எடுத்தது அப்பா. நேற்று ஐம்பது நிமிசம்" என்றான்.

அன்றிரவு அவன் அறையில் வெகுநேரம் விளக்கெரிந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.