கறுத்த பழமும் அம்மாவின் புடவையும்

போன வாரம் வாங்கிய ரஸ்தாளியில் நாலு பழம் தோல் கறுத்துப் போயிற்று. "தூக்கி எறிஞ்சுடேன்" என்றார் இவர். மனசு வரவில்லை. கறுத்த பழத்தில்தானே மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாகித் தித்திப்பு கூடியிருக்கும்!

நன்றாக மசித்து ஒன்றரை கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒரு கரண்டி தயிர், ஒரு டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தேன். ரொம்ப அடிக்கக் கூடாது, கேக் ரப்பராகிவிடும். எங்கள் வீட்டில் அவன் கிடையாது. பழைய குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல், சிம்மில் முக்கால் மணி நேரம்.

அடுப்பை விட்டு எங்கே நகர்வது? அலமாரி மேல்தட்டிலிருந்த மூட்டையை இறக்கினேன். அம்மாவின் நூல் புடவைகள். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. பெண்ணுக்குப் பிரசவம் ஆவதற்குள் ஒட்டுப் போர்வை தைத்துவிடுகிறேன் என்று சொன்னவள்தான். கத்திரிக்கோலை எடுத்தால் கை ஓடாது.

அன்றைக்குக் கிழிந்த முந்தானையில் மட்டும் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டினேன். அப்புறம் இன்னொன்று. கேக் வாசனை கூடத்துக்கு வருவதற்குள் ஐந்து துண்டுகள் ஓட்டுத் தையலில் சேர்ந்துவிட்டன.

கேக் அடி கொஞ்சம் தீய்ந்துவிட்டது. இவர் அதையும் சுரண்டிச் சாப்பிட்டார். போர்வைக்கு இன்னும் பத்து வரிசை பாக்கி. மறுபடி பழம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கறுக்கிறவரை யாரும் தொடக் கூடாது!