கப்பலில் குடிநீர்

நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்தும், தொட்டியிலுள்ள நீரை நம்பி உயிர்வாழ்வது கப்பல் வாழ்க்கை. 1979-ஆம் ஆண்டு, பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலொன்றில் நன்னீர்த் தொட்டியைத் தூய்மை செய்யும் பணி என்னிடம் வந்தது. நீரை வடித்து மூடியைத் திறந்ததும், இளமை வேகத்தில் இறங்க முற்பட்டேன். மாலுமிகளுக்குத் தலைவரான சராங்கு என் தோளைப் பற்றி இழுத்தார்.

"துரு காற்றைத் தின்றிருக்கும், பொறு தம்பி!" என்றார்.

மூடிக்கிடக்கும் இரும்புத் தொட்டியில் துரு ஏற ஏறப் பிராணவாயு குறையும். இறங்கியவர் மூர்ச்சித்து மாள்வதும் உண்டு. ஆகவே விசிறியால் நெடுநேரம் காற்றைச் செலுத்தி, பிராணவாயு இயல்பான 21 விழுக்காட்டளவில் இருப்பதைக் கருவியால் அறிந்து, வாயிலில் ஒருவரைக் காவல் நிறுத்திய பின்னரே இறங்கினோம். சுவர்களைத் தேய்த்து வண்டலை அள்ளினோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்குமாறு பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை நிரப்பி, ஒரு நாள் வைத்திருந்து வடித்தோம். பின்னர் நன்னீரால் அலசினோம். கரையிலிருந்து நீரேற்றும் குழாயையும் அவ்வாறே தூய்மை செய்தோம். அதனை வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை.

இன்று மும்பையில் எங்கள் குடியிருப்பின் நிலத்தடித் தொட்டியைக் கழுவ இளைஞர்கள் வருகின்றனர். மூடி திறந்ததும் நான் அருகில் போய் நிற்பேன்.

"பொறு தம்பி" என்பேன்.